மருந்தை நிப்பாட்டச் சொன்னேன்

1

ஊரில் தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த நேரத்தில் இங்கே எனக்கு வயிறு கெட்டுப்போனது. இதையெல்லாமா எழுதுவார்கள் என்று முகம் சுளிக்காதீர்கள். வெளிநாடு என்றால் பனியும் பாலமும்தான் என்று போட்டோ பார்த்து நம்பிக்கொண்டிருக்கிறவர்களுக்கு, வயிற்றைப் பற்றியும் யாராவது சொல்லத்தானே வேண்டும்.

வேல்ஸில், கடலோரத்து ஊர் ஒன்றில், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். இங்கே வயிற்றோட்டம் கண்ட ஊழியர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. எல்லாம் நின்ற பிறகும் நாற்பத்தெட்டு மணி நேரம் வீட்டிலேயே கிடக்க வேண்டும். சம்பளம் பிடிக்க மாட்டார்கள். மீறி வந்தால்தான் திட்டு விழும்.

வந்த புதிதில் ஒருமுறை இப்படித்தான் வயிறு படுத்தியது. மேலதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டு, இங்கிலீஷ் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் பாஷையில், “எனக்கு லூஸ் மோஷன்” என்றேன். அந்த அம்மா ரொம்பக் கவலையோடு, “எந்த மூட்டு?” என்று கேட்டார். எனக்கு எங்கோ எலும்பு கழன்று ஆடுகிறது என்று நினைத்துவிட்டார், பாவம். முழங்கால் என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். கடைசியில் பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, நேரடியாக விளக்கினேன். அதிலிருந்து இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை.

என் வேலையில் ஒரு பங்கு, டாக்டர்களை வேவு பார்ப்பது. அப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனால் விஷயம் அதுதான். குடலில் கிருமி தொற்றி வருகிறவர்களுக்கு எப்போது ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம், எப்போது கூடாது, கொடுத்தால் எது, எத்தனை நாள் என்று ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. பெரும்பாலான வயிற்றோட்டத்துக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் போதும். சில கிருமிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நல்லது போய்க் கெட்டது வந்துவிடும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் ரத்தமோ மலமோ பரிசோதனைக்கு எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். டாக்டர்கள் இதன்படி நடந்தார்களா என்று ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்து, நடக்காதவர்களைக் கூட்டத்தில் சொல்ல வேண்டியது நான்.

சும்மா சொல்லக் கூடாது, நான் கறார்ப் பேர்வழி. இளம் டாக்டர்கள் என்னை வராந்தாவில் கண்டால் அவசரமாகப் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் புத்தகப்படி செய்வான் என்று யாராவது உங்களிடம் அளந்தால் நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனாலோ, நோயாளியின் பெண்டாட்டி குரலை உயர்த்தினாலோ, இங்கேயும் கை தானாக ஆன்டிபயாட்டிக்கை எழுதிவிடுகிறது.

2

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில். கரிசல் காடு, அதற்கு நடுவே தள்ளித் தள்ளி ஒற்றை அறைப் பட்டாசு ஷெட்டுகள். விடிந்ததும் வேன் வந்து ஹாரன் அடித்தால் பாதி ஊர் அதில் ஏறிவிடும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு ஊர் என்றால் தம்பி பாண்டிதான். அவன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவன்.

மற்ற ஊர்க்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். விழுங்குவது மாத்திரை, குத்துவது ஊசி, குடிப்பது டானிக். “அவன் மருந்துல இருக்கான்” என்றால், வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் சலித்துக் கலக்கிற அறையில் வேலை பார்க்கிறான் என்று அர்த்தம். கம்பெனியிலேயே நிதானமான ஆட்களைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். வேகமாகக் கை ஓடுகிறவனுக்கும் கோபக்காரனுக்கும் அங்கே இடம் கிடையாது. என்னையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

என் மகள் கயல் இங்கேயே பிறந்தவள், வயது பதினாலு. மாமா என்ன வேலை பார்க்கிறார் என்று சின்ன வயதில் கேட்டபோது, “மருந்து வேலை” என்று சொல்லிவைத்திருந்தேன். அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் போய், என் மாமா இந்தியாவில் மருந்து தயாரிக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுடையது மருத்துவத்துக்கே அர்ப்பணித்த குடும்பமாமே!” என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? வீட்டுக்கு வந்து அவளை உட்கார வைத்து விளக்கினேன். அப்போது அவள் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. “அப்படியானால் மாமா தினமும் வெடிகுண்டு பக்கத்திலா உட்கார்ந்திருக்கிறார்?” என்று கேட்டாள். குண்டு இல்லை, புஸ்வாணம் என்றேன். பெரிய வித்தியாசம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் அவள் ஊர்ப் போனுக்கு அருகில் வருவதில்லை. வந்தாலும் “நல்லா இருக்கீங்களா மாமா, நல்லா இருக்கீங்களா அத்தை” என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததை ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவாள். அத்தை ஏன் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்கிறார் என்று ஒருமுறை கேட்டாள். எங்கள் ஊரில் ழ-வை வைத்துக்கொண்டு யாரும் பிழைக்க முடியாதடி என்றேன்.

3

வயிறு சரியாகி, நாற்பத்தெட்டு மணி நேரம் முடிவதற்காகக் காலாட்டிக்கொண்டு சோபாவில் கிடந்தபோதுதான் மாரியின் போன் வந்தது. மாரி என் தம்பி பெண்டாட்டி. அவளும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள், திரி வைக்கிற பக்கம்.

“மதினி, உங்க தம்பிக்கு ஒரு வாரமா காச்சல் விட்டு விட்டு வருது. வயித்து வலியும் சேந்துக்கிடுச்சு. ரெண்டு நாளா வயித்தாலயும் போகுது.”

“ஒரு வாரமாவா? இப்பத்தான் சொல்றே?”

“சொன்னா நீங்க அங்கன கெடந்து தவிப்பீகன்னு சொல்ல வேண்டாம்னாக.”

“டாக்டர்ட்டக் காட்டலியா?”

“காட்டாம என்ன? சாத்தூர்ல ஊசி போட்டாக. காச்சல் விட்டுச்சு. மக்கா நாள் வந்துருச்சு. திரும்பப் போயி ஒரு ஊசி. இடையில மெடிக்கல்ல செட்டு மாத்திரை வாங்கித் தந்தேன்.”

செட்டு மாத்திரை உங்களுக்குத் தெரியும். மெடிக்கல் ஸ்டோரில் போய்க் காய்ச்சல், வயிற்று வலி என்று சொன்னால், சின்னக் காகித உறையில் வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்புக் கேப்சூல் ஒன்று என்று வேளைக்கு ஒரு செட்டாகப் போட்டுக் கொடுப்பார்கள். எது எதற்கு என்று கேட்பானேன்! அதில் ஒன்று கட்டாயம் ஆன்டிபயாட்டிக்காக இருக்கும். இரண்டு வேளை தின்று, காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவோம். கிருமி அரை உயிரோடு படுத்திருந்து, அந்த மாத்திரையை அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டு மறுபடி எழுந்திருக்கும்.

ஒரு வாரக் காய்ச்சல், வயிற்று வலி. எனக்கு டைபாய்டாக இருக்குமோ என்ற பயம் வந்துவிட்டது. அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டால் குடலே ஓட்டையாகிவிடும், உயிருக்கே ஆபத்து. இப்போது வேண்டியது ரத்தத்தை எடுத்து, அதில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அதற்கு முன்னால் இந்த அரைகுறை வைத்தியத்தை நிறுத்த வேண்டும்.

“மாரி, நான் சொல்றதக் கேளு. மொதல்ல அவனை மருந்தை நிப்பாட்டச் சொல்லு.”

“மருந்தையா?” மாரிக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. “சீசன்ல எப்பிடி மதினி நிப்பாட்டுறது?”

“சீசனாவது மண்ணாவது! உசுரு பெருசா, சீசன் பெருசா?”

“கம்பெனில என்ன சொல்லுவாக?”

“கம்பெனி என்னத்தையும் சொல்லிட்டுப் போகுது. இனிமே மருந்து அவன் பக்கமே வரக் கூடாது. அக்கா சொல்லிருச்சுன்னு சொல்லு. கேக்கலன்னா எங்கிட்டக் குடு, நான் பேசுறேன்.”

“சரி மதினி,” என்றாள். அவள் குரலில் என்றைக்கும் இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. நான் சொன்னது இவளுக்காவது புரிந்ததே என்று எனக்கும் நிம்மதி.

4

அத்தோடு விட்டேனா? சாத்தூர் டாக்டரின் நம்பரை மாரியிடம் வாங்கிக்கொண்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு இன்னும் மட்டு. இங்கே வராந்தாவில் இளம் டாக்டர்களைப் பிடிப்பது போலவே அவரையும் பிடித்தேன். நான் யார், எங்கே வேலை, என்ன வேலை என்று முதலில் நீளமாகச் சொல்லிவிட்டு, “ஒரு வாரக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுக்காம ஊசி மேல ஊசி போடுறது எந்த கைடுலைன்ல சார் இருக்கு?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வயதான குரல், அவசரமில்லாத பேச்சு.

“நீங்க சொல்ற கைடுலைன் எனக்கும் தெரியும்மா. நானும் படிச்சிட்டுத்தான் வந்து உக்காந்திருக்கேன். மொத நாளே ரத்தம் எடுக்கணும்னு சொன்னேன், உங்க தம்பி சீசன் முடியட்டும்னாரு. மாத்திரை எழுதிக் குடுத்தேன். காய்ச்சல் விட்டதும் நிப்பாட்டிட்டாரு.”

“பின்ன ஊசி எதுக்கு?”

“அது காய்ச்சலை இறக்குற ஊசி, அம்புட்டுத்தான். கேளுங்க. ஒரு வாரம் வீட்ல படுங்கன்னு நான் சொன்னா அவரு படுப்பாருன்னு நினைக்கீகளா? நான் ஊசி போடலன்னா அடுத்த தெருவுல போடுறதுக்கு ஆள் இருக்கு. அங்க என்ன போடுவாகன்னு எனக்குத் தெரியாது. எப்பிடியும் காலையில வேன்ல ஏறிருவாரு. காய்ச்சல்ல கை வெடவெடன்னு நடுங்குற ஆளு மருந்துல போயி உக்காந்தா, அவரு ஒருத்தரோடவா போகும்? சுத்தி எம்புட்டுப் பொம்பளையாளுக இருக்காக. நடுங்குற கையோட போறதுக்கு, ஊசி போட்டுக்கிட்டு நடுங்காத கையோட போகட்டும்னு போட்டேன். தப்புன்னா தப்புதான்.”

இத்தனை வருஷமாக டாக்டர்கள் வழிகாட்டுதலை மீறுவதற்குச் சொல்லும் சமாதானங்களைக் கேட்டிருக்கிறேன். மறந்துவிட்டது, வேலை அதிகம், நோயாளி பிடிவாதம் பிடித்தார் என்பார்கள். எங்கள் கூட்டத்துப் படிவத்தில் அதற்கென்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இவர் சொன்னதை எந்தக் கட்டத்தில் போடுவது? கோபம் மட்டும் அப்படியே இருந்தது, அது யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“அவரை வீட்ல உக்கார வைங்க. மத்ததை நான் பாத்துக்கிடுறேன்,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பாண்டியை வீட்டில் உட்கார வைப்பதா? அப்பா செத்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேனில் ஏறியவன் அவன்.

5

மறுநாள் வேலைக்குப் போய்விட்டு வந்து வீடியோவில் கூப்பிட்டால், வீட்டுக் கட்டிலில் பாண்டி சப்பிப்போன முகத்தோடு படுத்திருக்கிறான். அங்கே இருட்டிவிட்ட நேரம்தான். ஆனால் பகல் முழுக்கவும் அதே கட்டிலில்தான் கிடந்தானாம்.

“யக்கா, நீ சொன்னபடிக்கு நிப்பாட்டிட்டேன்,” என்றான், ஏதோ வரம் கொடுத்த மாதிரி. “போர்மேன்ட்ட அக்கா வேண்டாம்னு சொல்லிருச்சுன்னேன். வெளிநாட்டுல இருந்து சொல்றாகன்னா காரணம் இருக்கும், போய்ப் படுன்னுட்டாரு.”

மாரி முகமெல்லாம் சிரிப்பாகத் திரைக்குள் வந்தாள். “மருந்துப் பக்கமே போக விடலை மதினி!” என்று சொல்லிக்கொண்டே காகித உறையைக் கிழித்து, ஒரு செட்டு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி, அவன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

“அடியேய்!” என்று கத்திவிட்டேன். “நிப்பாட்டுன்னு சொன்னேன்ல? பின்ன கையில என்னது அது?”

மாரி உள்ளங்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இது மாத்திரை மதினி. இதுவா மருந்து?”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பக்கத்தில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த கயல்தான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அம்மா, நீங்கள் சொன்னது மெடிசின். அத்தைக்குக் கேட்டது வெடி!”

அடி ஆத்தாடி என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த ஊரில் பிறந்து, அந்த மருந்தில் வந்த கூலியில் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். பார்மசி படிக்கப் போய், பிறகு கடல் தாண்டி வந்து, எந்த நாளில் என் வாயில் மருந்து என்ற சொல் இந்தப் பக்கம் புரண்டு படுத்தது? எனக்கே தெரியவில்லை. டீச்சரிடம் தப்பாகச் சொன்ன பிள்ளையைத் திருத்தியவளும் நான்தான்.

பாண்டியும் சிரித்தான். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “அப்ப மருந்துக்குப் போகலாமா யக்கா?”

“போனே, அங்க வந்து காலை ஒடிப்பேன்லே!”

விடிந்ததும் டாக்டரே கூப்பிட்டார். “என்னம்மா சொன்னீக? பாண்டி வேலைக்குப் போகலியாமே! நான் இத்தனை வருஷத்துல சீசன் நேரத்துல ஒரு ஆளையும் நிப்பாட்டுனதில்ல.” நடந்ததைச் சொன்னேன். அந்த மனுஷன் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு குரல் மாறியது. “சரி, ஆளு வீட்ல இருக்காரு, இனிமே புத்தகப்படி பாத்துருவோம். இன்னைக்கு ரத்தம் எடுத்து வளக்கக் குடுக்குறேன். எடுத்த கையோட புது மாத்திரை ஆரம்பிப்போம். செட்டு கிட்டு ஒண்ணும் கூடாது. முடிக்கிற வரைக்கும் மாத்தவும் கூடாது. சம்மதமா?”

அதைத்தானே நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சம்மதம் என்றேன்.

6

சம்மதம் சொல்வது லேசு. டைபாய்டுக்குச் சரியான மாத்திரையே கொடுத்தாலும் காய்ச்சல் உடனே இறங்காது, சில நாள் அடித்துக்கொண்டேதான் இருக்கும், அதைக் கண்டு மருந்தை மாற்றக் கூடாது என்று வழிகாட்டுதல் சொல்கிறது. இதைக் கூட்டத்தில் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! வாசிக்கும்போது அது ஒரு வரி. அந்த ஒரு வரியை என் தம்பி கட்டிலில் கிடந்து அனுபவித்துக்கொண்டிருந்தான்.

முதல் நாள் காய்ச்சல் இறங்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. மாரியின் போனில் இப்போது சிரிப்பு இல்லை.

“நீங்க அங்கன உக்காந்துக்கிட்டு நிப்பாட்டு நிப்பாட்டுங்கீக. இங்கன அவுக அனத்துறது ஒங்களுக்குக் கேக்குதா? ஒடம்பு கொதிக்குது, ஒரு வாய் கஞ்சி எறங்கலை. முளிச்சு முளிச்சுப் பாக்காக. ஒரு ஊசி போட்டா விட்டுரும். அதையும் போடக் கூடாதுன்னா எப்பிடி மதினி? அடுத்த தெரு டாக்டர் குளுக்கோஸ் ஏத்தி ஊசி போடுறாராம். எங்க சின்னையா பைக்கை எடுத்துட்டு வந்து நிக்காக. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“மாரி, இரு. கொஞ்சம் பொறு.”

“எம்புட்டுப் பொறுக்க? எனக்கு இருக்கிறது ஒரு மனுசன்.”

எனக்கும் இருப்பது ஒரு தம்பி என்று சொல்ல வாய் வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஒரு நாள் மட்டும் பொறு என்று கெஞ்சிப் போனை வைத்தேன். மருந்தகத்தின் பின்பக்கம், அட்டைப் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? சாத்தூர் டாக்டரைக் கூப்பிட்டேன்.

“சார், வேற ஏதாச்சும் மாத்திப் பாக்கலாமா? கூட இன்னொரு ஆன்டிபயாட்டிக் சேக்கலாமா? ஒரு ஊசியாவது போட்டு விடுங்க சார்.”

அந்தப் பக்கம் பின்னால் யாரோ பிள்ளை அழும் சத்தம், டோக்கன் கூப்பிடும் சத்தம்.

“கைடுலைன் என்ன சொல்லுதும்மா?” என்றார்.

கிண்டலாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. பயந்து வந்திருக்கிற நோயாளியிடம் பேசுகிற மாதிரிதான் கேட்டார்.

“மாத்தக் கூடாதுன்னு சொல்லுது சார்.”

“அப்ப மாத்த வேண்டாம். தினமும் கூட்டிட்டு வரச் சொல்லி வயித்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மெத்துன்னுதான் இருக்கு. கல்லு மாதிரி ஆச்சுன்னாலோ, வயித்தால கருப்பாப் போச்சுன்னாலோ அந்த நிமிஷம் மதுரைக்கு அனுப்பிருவேன். காய்ச்சலுக்கு மாத்திரை குடுத்திருக்கேன், தண்ணி நல்லா குடிக்கச் சொல்லிருக்கேன். இதுக்கு மேல செய்யிறது எல்லாம் நம்ம பயத்துக்குச் செய்யிறதும்மா, அவருக்கு இல்ல. அந்தப் பொண்ணுட்ட நான் பேசுறேன்.”

ஊருக்குத்தான் உபதேசம் என்பது சரியாகத்தான் இருக்கிறது. எந்த மனுஷனை வழிகாட்டுதலை மீறியதற்காகச் சண்டைக்கு இழுத்தேனோ, அவரிடமே மீறச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மசியவில்லை. சாயங்காலம் அவரே வீட்டுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து மாரியிடம் பேசியிருக்கிறார். பைக் வந்த வழியே திரும்பிப் போனது.

அன்றைக்கு வீட்டில் சமைக்க மனசில்லை. கயல் ரொட்டியைச் சுட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நான் அத்தையிடம் பேசட்டுமா?” என்றாள். பேசினாள். நல்லா இருக்கீங்களா என்று ஆரம்பிக்கவில்லை. “அத்தை, மாமா கஞ்சி குடிச்சாங்களா?” என்று கேட்டாள். மாரி அழுதுகொண்டே ஏதேதோ சொன்னாள். இவளுக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனாலும் “ம், ம்” என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

7

ரிசல்ட் வந்தது. டைபாய்டுதான். செட்டில் இருந்த மாத்திரைக்கு அந்தக் கிருமி அசையாது என்றும், டாக்டர் ஆரம்பித்த புது மாத்திரைக்குக் கட்டுப்படும் என்றும் இருந்தது. அது வந்த அன்றைக்கே காய்ச்சலும் இறங்கத் தொடங்கிவிட்டது. “சோறு கேக்காக மதினி!” என்று மாரி சொன்னபோது, வார்டு நடுவில் நின்றுகொண்டு “அப்பாடா!” என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். படுத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் என்னவோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் எங்கள் வார்டில் ஒரு இளம் டாக்டர், தேவையில்லாத இடத்தில் ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தார். வழக்கமாக நேராகக் கூட்டத்துக்குத்தான் கொண்டுபோவேன். இந்தத் தடவை அவரைத் தேடிப் போய், ஏன் எழுதினாய் என்று கேட்டேன். அவர் தயங்கினார். அந்த நோயாளியின் மனைவி அழுதுகொண்டே இருந்தார், ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது என்றார்.

எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் இருவரும் போய்ப் பேசி, ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினோம். கூட்டத்தில் அதை மீறல் என்றுதான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது, மீறல் மீறல்தான். ஆனால் அந்த டாக்டர் இப்போது என்னைக் கண்டால் போனைக் காதில் வைப்பதில்லை.

8

மாத்திரை எல்லாம் முடிந்து, இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்குப் போவதைப் பற்றிக் கேட்டதற்கு, “உடம்பைப் பொறுத்தவரை போகலாம். எதுக்கும் ஒங்க அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க, அவுகதான நிப்பாட்டுனது,” என்றாராம். பாண்டி வீடியோவில் வந்தான். சட்டை தொளதொளவென்று இருந்தது, கண்ணில் தெளிவு வந்திருந்தது.

“யக்கா, தீபாவளிக்கு இன்னும் லோடு போய்க்கிட்டுத்தான் இருக்கு. போர்மேன் ஆள் விட்டுட்டாரு. பாரு, கை நடுங்கலை.”

இரண்டு கைகளையும் விரித்துத் திரைக்கு முன்னால் காட்டினான். நடுங்கவில்லை. ஆனால் நான் பார்த்தது அதை இல்லை. நகக்கண்ணிலும் ரேகையிலும் ஏறியிருக்கும் அலுமினிய வெள்ளி முழுக்கப் போயிருந்தது. மாநிறமான, சாதாரணக் கை. அவன் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்துக்குப் பிறகு அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை.

போகாதே என்று சொல்லத்தான் ஆசை. இந்தக் காய்ச்சலுக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே போகாதேடா என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொன்னால் கேட்பான். ஒரு வார்த்தை தப்பாகப் புரிந்தே இத்தனை நாள் வீட்டில் கிடந்தவன் அவன். ஆனால் போகாமல் அவன் என்ன செய்வான் என்று அடுத்த கேள்வி வரும். கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவளிடம் அதற்குப் பதில் இல்லை. மேகம் ஏமாற்றுகிற காட்டை நம்பி உட்கார் என்று சொல்லவா? குடல் சரியானால் வேலைக்குத் திரும்பலாம் என்பது வரைக்கும்தான் என் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எந்த வேலைக்கு என்று அது கேட்பதில்லை.

“என்னக்கா, போகட்டுமா?”

“போயிட்டு வாலே,” என்றேன். ‘வா’வைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

“வாரேன்க்கா,” என்றான். மறுநாள் காலையில் அவன் வேனில் ஏறும்போது இங்கே எங்களுக்கு விடிய வெகுநேரம் இருந்தது. அங்கே மருந்துக்குப் பக்கத்தில் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவான். மாரிக்கு அன்றைக்கு வேலையில்லை.

வேலையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எண்ணியதையே திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது.

“வந்துட்டாக மதினி,” என்றாள் மாரி. “கொல்லையில கை களுவிக்கிட்டு இருக்காக.”